றஞ்சிதம் தைத்த கோழி

மக்கீனுடைய கோழிக்கடையில் தராசு மேசைக்குக் கீழே ஒரு மரப்பெட்டி இருக்கும். வாங்க வருபவர்களின் கண்ணில் படாமல் அதைக் காலால் உள்ளே தள்ளி வைத்திருப்பார். கூடைகளில் வந்து இறங்கும் கோழிகளில் நொண்டுவது, கண்ணில் பீளை கட்டியது, கழுத்து ஒரு பக்கம் இழுத்தது என்று எது தென்பட்டாலும் அது அந்தப் பெட்டிக்குப் போய்விடும். சுகமில்லாத கோழி அறுக்கிற கட்டைக்கு வரக்கூடாது என்பது அவருடைய வாப்பா விட்டுப்போன சட்டம். பெட்டிக்குள் போனது தேறினால் கூட்டுக்குத் திரும்பும். தேறாவிட்டால் குப்பை வண்டிக்கு. பெரும்பாலும் குப்பை வண்டிக்குத்தான்.

அந்தப் பெட்டியை முதன்முதல் குனிந்து பார்த்தவர் றஞ்சிதம் அக்கா. அது தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு. அக்கா கோழி வாங்க வந்தவர் அல்ல, மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடாத ஆள். வெள்ளவத்தைச் சந்தையில் பக்கத்து மரக்கறிக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றவர், ஏதோ அனுங்குகிற சத்தம் கேட்டுத் திரும்பினார்.

"உதுக்குள்ள என்ன நானா?"

"அது விக்கிறல்ல அக்கா. கால் ஏலாத கோழி."

"விக்காட்டி என்ன செய்வியள்?"

"என்னத்த செய்ற. உசிரோட ஈந்தா ஈக்கும். மவுத்தானா வீசுவம்."

"காலைத் தூக்கிப் பாத்தனீங்களோ?"

மக்கீன் பார்க்கவில்லை. பதினாறு வயதிலிருந்து கோழியோடு நிற்கிறவர் அவர். கோழியின் உடம்பில் எந்த எலும்பு எங்கே பொருந்துகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். ஆனால் உயிரோடு இருக்கிற ஒரு கோழியின் பாதத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. அக்கா பையைக் கீழே வைத்துவிட்டு, பெட்டிக்குள் கையை விட்டு அந்த வெள்ளைக் கோழியை வெளியே எடுத்தார். பாதத்தின் நடுவில் பாக்களவுக்குக் கறுப்பாக ஒரு காய்ப்பு.

"கல்லோ முள்ளோ ஏறி உள்ளுக்குச் சீழ் கட்டியிருக்கு. இதை நான் கொண்டு போறன்."

யாராவது மச்சம் தின்கிறவர்களுக்குக் கொடுக்கப்போகிறார் என்றுதான் மக்கீன் நினைத்தார். மூன்று கிழமை கழித்து அக்கா அந்தக் கோழியை ஒரு பிரம்புக் கூடையில் வைத்து, அவருக்குக் காட்டுவதற்கென்றே கொண்டு வந்தார். கோழி காலில் சப்பாத்துப் போட்டிருந்தது. சட்டைக் கழுத்துக்கு உள்ளே வைக்கிற விறைத்த கன்வஸ் துணியில், மூன்று விரலுக்கும் இடம் விட்டு வெட்டி, கணுக்காலில் கொளுக்கி வைத்துத் தைத்த சப்பாத்து. உப்புத் தண்ணீரில் ஊறவைத்து ஊறவைத்துக் காய்ப்பை இளக்கி எடுத்ததாகவும், புண் ஆறும்வரை நிலத்தில் படக்கூடாது என்பதால் சப்பாத்து என்றும் அக்கா விளங்கப்படுத்தினார்.

பக்கத்தில் மீன் விற்கிற பேர்னாட் கூட்டம் கூட்டிவிட்டான். "நானா, ஒங்க கோழிக்கு சப்பாத்து. எம் மவனுக்கு இன்னும் ரப்பர் செருப்பு."

"மகனைக் கூட்டிக்கொண்டு வா, அளவெடுக்கிறன்," என்றார் அக்கா.

அன்றிலிருந்து மக்கீன் அந்தப் பெட்டிக்குள் எதைப் போட்டாலும் முதலில் காலைத் திருப்பிப் பார்த்தார். தொழிலில் அவருக்கு ஒரு மாற்றமும் வரவில்லை. காலையில் வந்து கத்தி தீட்டுவார், மத்தியானத்துக்குள் நாற்பது ஐம்பது கோழி அறுப்பார். ஆனால் பெட்டிக்குப் போனவை இப்போது அக்காவுக்குரியவை.

அக்காவுக்கு அந்தக் காலத்தில் ஐம்பத்திரண்டு வயது. இருபது வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, புதுக்கடையில் நீதிமன்றங்களுக்குக் கிட்ட இருந்த ஒரு தையல் கடையில் வேலைக்குச் சேர்ந்தவர். சட்டத்தரணிகள் போடுகிற கறுப்பு மேலங்கிதான் அந்தக் கடையில் தைப்பது. இருபத்து மூன்று வருடம் கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டிய கண் அவருடையது. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் கடை எரிந்து போயிற்று. அதற்குப் பிறகு அவர் யாரிடமும் வேலை கேட்டுப் போகவில்லை. காலால் மிதித்துத் தைக்கிற மெஷின் ஒன்றை வாங்கிக்கொண்டு, கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கையில் சவுந்தரநாயகம் ஐயாவின் வீட்டுப் பின்பகுதியில் வாடகைக்கு இருந்தார். கல்யாணத்துக்குச் சாரிச் சட்டை தைக்க வேண்டும் என்றால் வெள்ளவத்தையில் முதலில் அவருடைய பெயரைத்தான் சொல்வார்கள். சொன்ன நாளுக்குத் தரமாட்டார் என்பதையும் கூடவே சொல்வார்கள். ஏன் கல்யாணம் செய்யவில்லை என்று கேட்கிற பெண்களிடம், வாயிலிருந்து குண்டூசியை எடுக்காமலே, "அளவெடுக்க நேரம் கிடைக்கேல்லை" என்பார்.

நான்கு வருடத்தில் அக்காவின் கை வழியாக எத்தனையோ கோழிகள் போயின. எல்லாம் பிழைக்கவில்லை. சிலது சப்பாத்தோடேயே செத்தது. பிழைத்ததில் மூன்று அவரோடு நிரந்தரமாகத் தங்கிவிட்டன. மூன்றுக்கும் துணியின் பெயர். முதல் வந்த வெள்ளை வொயில். கழுத்து முறுகி வானத்தைப் பார்த்துக்கொண்டு வந்த மண்ணிறக் கோழி பட்டு. அதற்குக் கன்வஸில் ஒரு காலர் தைத்து, கிழமைக்குக் கிழமை காலரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, தலையை நேரே கொண்டுவந்துவிட்டார். மூன்றாவது சீத்தை. கறுப்பில் வெள்ளைப் பொட்டு, சீத்தைத் துணி மாதிரியே. அம்மை போட்டு ஒரு கண் போனது. பார்வையுள்ள கண் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் நடக்கும். அதனால் முற்றத்தை வட்டம் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

"ஏனக்கா இந்த மினக்கெடு?" என்று மக்கீன் ஒருதரம் கேட்டார்.

"தைக்கத் தந்த துணியில ஓட்டை இருக்கெண்டு ஆராவது எறியிறவையே நானா?" என்றுவிட்டு அக்கா மரக்கறிக் கடைக்குத் திரும்பிவிட்டார்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு கொழும்பில் குண்டு வெடித்து, தெருவுக்குத் தெரு மண்மூட்டை அடுக்கிய வருடம். மழை பொய்த்து, ஒரு நாளைக்கு எட்டு மணித்தியாலம் மின்சாரத்தையும் வெட்டினார்கள். அந்தச் சமயம் பார்த்து அக்காவுக்குக் கல்யாணச் சட்டைகள் குவிந்தன. மாப்பிள்ளை ஜேர்மனியிலோ சுவிஸிலோ இருப்பார். பெண் யாழ்ப்பாணத்திலிருந்து பயண அனுமதிப் பாஸ் எடுத்து வந்து லொட்ஜில் நிற்பாள். நாள் தள்ளிப்போட முடியாத கல்யாணங்கள். அறைக்குள் வெளிச்சம் இல்லாததால் அக்கா மெஷினை வாசலுக்கு இழுத்துவந்து, முற்றத்து வெளிச்சத்தில் தைத்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அவர் பையும் இல்லாமல், கூடையும் இல்லாமல் மக்கீனுடைய கடைக்கு வந்து நின்றார். வாடிக்கையாளர் இருவர் போகும்வரை காத்திருந்தார்.

"சீத்தை மூண்டு நாளாத் தின்னேல்லை. தீன்பை கல்லு மாதிரிக் கிடக்கு. வாயைத் திறந்தா மணக்குது."

தீன்பை என்பது கோழியின் கழுத்தடியில், தின்றதை முதலில் சேர்த்து வைக்கிற பை. மக்கீன் ஒரு நாளைக்கு ஐம்பது தீன்பை கழுவிக் கொட்டுகிறவர்.

"எண்ணெய் ஊத்தி உருவினீங்களா?"

"எண்ணெயும் ஊத்தி, இளஞ்சுடு தண்ணியும் ஊத்தி, விடிய விடிய உருவிப் பாத்திட்டன். அசையிறேல்லை. நேற்றுத் தெகிவளையில நாய் பாக்கிற டொக்டர் ஒருத்தரிட்டக் கொண்டு போனனான். அவர் கோழியைப் பாக்கேல்லை. என்னைத்தான் பாத்தார்."

"என்ன சென்னார்?"

"வேற ஒண்டு வாங்கச் சொன்னார்." அக்கா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "நானா, நீங்கள் ஒருக்கா வந்து வெட்டித் தரவேணும்."

"சுகமில்லாதத நான் அறுக்கிறல்ல. ஒங்களுக்குத் தெரியுந்தானே."

"அறுக்கச் சொல்லேல்லை. தீன்பையை வெட்டி, உள்ள கிடக்கிறதை எடுக்கவேணும். பிறகு நான் தைப்பன்."

மக்கீனுக்குச் சிரிப்பு வந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது.

"அக்கா, எண்ட கத்தி ஒரே இழுவதான். ரெண்டாவது இழுவைக்கு அதுல இடமில்ல. பழகினதே அப்பிடி. பாதியில நிக்கிறதுக்கு எண்ட கைக்குத் தெரியா."

"உள்ள என்ன கிடக்கெண்டு தெரியுமோ உங்களுக்கு?"

"தெரியா."

"எனக்குத் தெரியும். என்ர நூல். முப்பது வருசமா ஒரு முழ நூலை நான் நிலத்தில விட்டதில்லை, கூட்டி அள்ளிப்போட்டுத்தான் எழும்புவன். இப்ப கரண்ட் இல்லையெண்டு வாசல்ல இருந்து தைச்சன். வெட்டின நூல் எல்லாம் முற்றத்துக்குப் போயிருக்கு. அது ஒற்றைக் கண்ணால புழுவெண்டு நினைச்சுப் பொறுக்கியிருக்கு." அக்காவின் குரல் இறங்கியது. "நோய் வருத்தத்தில வந்ததைத் தேத்தினன். இது வருத்தமில்லை. நான் குடுத்தது."

"வெட்டாட்டி?"

"நாளைக்கு. மிஞ்சினா நாளையிண்டைக்கு."

மக்கீன் ஜும்ஆத் தொழுகைக்குக் கடையைப் பூட்டினார். தொழுதுவிட்டுப் பாமன்கடையில் உள்ள வீட்டுக்குச் சாப்பிடப் போகாமல், நேரே அந்த ஒழுங்கைக்கு நடந்தார். கத்தியைக் கொண்டு போகவில்லை. அது வேண்டாம் என்று வழியிலேயே முடிவு செய்துவிட்டார். ஆனால் தீன்பை எங்கே இருக்கிறது, அதற்கு மேலே என்ன, கீழே என்ன என்று அவரைப்போல் அறிந்தவர் அந்தச் சுற்றுவட்டத்தில் வேறு யாரும் இல்லை. அதைச் சொல்லவாவது வேண்டும்.

வாசலில் சவுந்தரநாயகம் ஐயா நின்றார். காற்சட்டையும் பெனியனும் போட்ட, சுங்கத் திணைக்களத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மனிதர். பின்பக்கம் கோழி மணக்கிறது என்று மாதத்துக்கு ஒருதரம் முறைப்பாடு செய்கிறவர்.

"றஞ்சிதம், இண்டைக்கெல்லோ உம்மடை பொலிஸ் பதிவு புதுப்பிக்கிற கடைசி நாள். நாலு மணிக்குப் பூட்டிப்போடுவாங்கள்."

"திங்கள் போறன் ஐயா."

"திங்களெண்டா மூண்டு நாள் பிந்தும்."

"மூண்டு நாள் சீத்தை நிக்காது," என்று அக்கா உள்ளே இருந்து சொன்னார். அதற்கு மேல் அவர் அதைப்பற்றி யோசித்ததாகத் தெரியவில்லை. வடக்கிலிருந்து வந்தவர்கள் யாராக இருந்தாலும், முப்பத்தாறு வருடம் கொழும்பில் இருந்தாலும், பதிவுத் துண்டு இல்லாமல் வெளியே இறங்கக்கூடாத காலம் அது.

மேசையில் வெள்ளைத் துணி விரித்திருந்தது. புது பிளேட் ஒன்று பாதியாக முறித்துச் சுடுதண்ணீரில் கிடந்தது. பட்டு நூல் அவித்து எடுத்துத் துணியில் சுற்றியிருந்தது. கை ஊசி ஒன்றை மெழுகுதிரியில் காய்ச்சிப் பிறை மாதிரி வளைத்து வைத்திருந்தார் அக்கா. டெற்றோல் மணம் தெருவுக்குப் போனது.

"நானா, நீங்கள் வெட்டுங்கோ."

மக்கீன் கையைக் காட்டினார். "பாதியில நிக்கத் தெரியாத கை அக்கா இது." "அப்ப பிடியுங்கோ," என்றார் அக்கா.

மக்கீன் சீத்தையைத் தன் மடியில் படுக்கவைத்து, கறுத்த துணியால் தலையை மூடினார். கண் மறைந்ததும் கோழி அடங்கியது. அவர் பிடிக்கிற எல்லாக் கோழியும் அவர் கையில் அடங்குகிறதுதான். ஆனால் அடங்கிய பிறகு இவ்வளவு நேரம் அதன் நெஞ்சு துடிப்பதை அவர் கேட்டுக்கொண்டிருந்ததில்லை. "பிஸ்மில்லாஹ்" என்று வாய்க்குள் சொன்னார். நல்ல காரியம் எதற்கும் சொல்கிற வார்த்தைதானே அது. ஆனாலும் அறுக்கும்போது சொல்கிற அதே வார்த்தையை இப்படிக் கோழியைப் பிடித்துக்கொண்டு சொன்னபோது அவருக்கு ஒரு கணம் உடம்பு கூசியது.

அக்கா இறகைப் பிடுங்கி, தோலைத் துடைத்தார்.

"இதுல தொடுங்க," என்றார் மக்கீன். "மேல தோல். அத வெட்டினா உள்ளுக்கு இன்னொரு தோல் வேறயா ஈக்கும், மெல்லிசா. அதுதான் பை. ரெண்டும் ஒட்டிக்கொண்டில்ல, வழுகும். ரெண்டையும் சேத்துத் தைச்சா வேல கெட்டுப்பெய்த்திடும்."

"மேல் துணியும் லைனிங்கும் மாதிரி."

"லைனிங்கெண்டா என்னண்டு எனக்குத் தெரியா அக்கா."

"எனக்குத் தெரியும். போதும்."

அக்கா பிளேட்டை எடுத்தார். பிழையாகத் தைத்த சட்டையைப் பிரிக்கும்போது துணியில் படாமல் நூலை மட்டும் அறுக்கிற கை அது. மேல் தோல் ஒரு அங்குலம் விலகியது. இரத்தம் அதிகம் இல்லை. கீழே வெளுத்த நிறத்தில் பை தெரிந்தது. அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு அதில் இன்னும் சிறிய கோடு ஒன்று போட்டார். பிளேட் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நின்றது. மக்கீன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாமணத்தால் பிடித்து இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. சிவப்பு நூல், மாம்பழ மஞ்சள், மயில் பச்சை, சரிகை இழை, எல்லாம் அரிசியோடும் புல்லோடும் சேர்ந்து தேங்காய்த் தும்பு மாதிரி முறுகிப்போய், அழுகிய மணத்தோடு. நடுவில் சட்டைக் கொளுக்கி இரண்டு.

"மூண்டு கலியாணம் உள்ளுக்குக் கிடந்திருக்கு," என்றார் அக்கா. சிரிக்கவில்லை.

பையைக் கழுவிவிட்டு முதலில் உள்தோலைத் தைத்தார். விளிம்பை உள்ளே மடித்து, நூல் வெளியே தெரியாத மாதிரி. பிறகு மேல் தோலுக்கு ஐந்து தையல். முடிச்சுப் போட்டு நூலை வெட்டியதும், வெட்டிய துண்டைக் கீழே விழவிடாமல் உள்ளங்கையில் பொத்திக்கொண்டார். தலைத் துணியை விலக்கியதும் சீத்தை ஒற்றைக் கண்ணால் மக்கீனைப் பார்த்து, அவர் கட்டியிருந்த சாரத்தில் கழித்தது.

"கோவிக்காதேங்கோ நானா, அது நல்ல அறிகுறி," என்றார் அக்கா.

அடுத்த நாள் விடிய பொலிஸும் இராணுவமும் ஒழுங்கையை வளைத்தார்கள். இப்படியான தேடுதல் அந்த வருடம் எத்தனையோ தரம் நடந்தது. ஒவ்வொரு வீட்டிலும் ஆட்களை வரிசையில் நிறுத்தி, அடையாள அட்டையையும் பதிவுத் துண்டையும் பார்த்தார்கள். மக்கீனுடைய அட்டையை வாங்குகிறவர்கள் முஸ்லிம் பெயரை வாசித்ததும் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அக்காவுடையதைப் பிறந்த இடம் வரைக்கும் வாசிப்பார்கள். பதிவுத் துண்டில் முதல் நாளோடு தவணை முடிந்திருந்தது.

மக்கீன் கடையைத் திறந்து கொஞ்ச நேரத்தில் சவுந்தரநாயகம் ஐயா பிரம்புக் கூடையோடு வந்தார். கூடையை உடம்பில் முட்டாமல் எட்டப் பிடித்திருந்தார்.

"றஞ்சிதத்தைக் கொண்டு போட்டாங்கள். பத்துப் பன்ரெண்டு பேர், பஸ்ஸில." அவருக்கு மூச்சு வாங்கியது. "ஏறேக்கை என்னட்ட என்ன சொன்னவ தெரியுமோ? பொலிஸில கதைக்க ஆளைப் பிடியுங்கோ எண்டில்லை. மற்ற ரெண்டையும் நீங்கள் பாருங்கோ ஐயா, சீத்தையை நானாட்டக் குடுங்கோ. ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா, பாண் கரைச்ச தண்ணி, கொஞ்சங் கொஞ்சம். தானியம் காட்டக்கூடாதாம்."

"ஒங்களுக்கு என்ன செல்லுறாங்க பொலிஸில?"

"பெரியவர் திங்கட்கிழமைதான் வருவாராம். நான் வீட்டில இருக்கிற ஆக்களின்ர பட்டியல், வாடகைத் துண்டு எல்லாம் கொண்டு போய் நிண்டு பாக்கிறன்." ஐயா கூடையைக் கீழே வைத்தார். "நேற்றே இழுத்துக்கொண்டு போயிருக்கவேணும் நான்."

அதைத்தான் மக்கீனும் நினைத்தார். தான் வரமுடியாது என்று சொல்லியிருந்தால் அக்கா நேற்றுப் பதிவுக்குப் போயிருப்பாரோ? இல்லை, போயிருக்கமாட்டார். தனியாக வெட்டியிருப்பார். அது அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது. ஆனாலும் மனம் ஆறவில்லை. அக்கா உள்ளே இருக்கும்போது இந்தக் கோழி இங்கே செத்துப்போனால் எந்த முகத்தோடு அவரைப் பார்ப்பது?

மையூற்றுகிற பில்லர் ஒன்றைப் புதிதாக வாங்கினார். கூடையை மேசைக்குக் கீழே வைக்கவில்லை, தராசுக்குப் பக்கத்தில் மேலேயே வைத்தார். இரண்டு கோழி அறுத்து, கை கழுவி, பில்லரால் பாண் ரொட்டி கரைத்த தண்ணீர் நான்கு சொட்டு. பிறகு அடுத்த ஆளுக்கு நிறுத்துக் கொடுத்து, கை கழுவி, இன்னும் நான்கு சொட்டு.

"நர்ஸிங் ஹோம் தொறந்தாச்சா நானா?" என்றான் பேர்னாட். "எங்கிட்ட ஒரு விலாங்குக்கு வயித்து வலி, அனுப்பவா?"

"அனுப்பு. ஒன்னையும் சேத்துப் பாக்கிறன்."

ஒரு அம்மா வந்து, கூட்டில் இருந்த முப்பது கோழியையும் விட்டுவிட்டு, கூடையில் இருந்ததைக் காட்டினார். "இந்தப் புள்ளிக் கோழி நல்ல ஊர்க்கோழி போல. அதைத் தாங்கோ."

"அது விக்கிறதுக்கில்ல."

"ஏன், ஆருக்காவது சொல்லி வைச்சதோ?"

"ஓம். சொல்லி வைச்சதுதான்," என்றார் மக்கீன்.

இரவு கூடையை வீட்டுக்குக் கொண்டுபோனார். மனைவி நஸீறா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "கடையில அறுக்கிற, ஊட்டுக்கு வந்து தாதி வேல பாக்கிற. எண்ட உம்மா மூணு மாசம் பாயில கெடந்தப்ப ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தினீங்களா?"

"ஒண்ட உம்மாவுக்கு தையல் போடல்லயே."

நஸீறா முறைத்துவிட்டு உள்ளே போனார். பிறகு பழைய பிடவைத் துண்டொன்றைக் கொண்டுவந்து கூடைக்குள் மடித்து வைத்தார். "அந்தப் பொம்பளைக்குச் சோறு கொடுக்கிறாங்களா அங்க?" என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நஸீறா பருப்பும் கத்தரிக்காயும் சமைத்துப் பார்சல் கட்டினார். மச்சம் சமைக்காத சட்டியில் சமைத்தது என்று சொல்லச் சொல்லி இரண்டுதரம் நினைவுபடுத்தினார். பொலிஸ் நிலைய வாசலில் மக்கீனை உள்ளே விடவில்லை. ஒரு பெண் கான்ஸ்டபிள் பார்சலைப் பிரித்துப் பார்த்து, கட்டி, உள்ளே கொண்டுபோனார். திரும்பி வந்து சிங்களத்தில் கேட்டார்.

"அந்த அம்மா ஒரு கேள்விதான் கேட்டா. சீத்தா வெளிக்குப் போனாளா என்று. சீத்தா யார், பேத்தியா?"

"கோழி, மிஸ்."

"என்ன?"

"கோழி. வெள்ளிக்கிழமை ஒப்பரேஷன் செய்தது. தையல் இருக்கிறது."

கான்ஸ்டபிள் அவரை மேலும் கீழும் பார்த்தார். சந்தைக்கு எதிரே காவலுக்கு நின்ற நாட்களில் மக்கீனைக் கண்டிருக்கிறார் போலிருந்தது. "நீ கோழிக்கடை ஆள் அல்லவா?"

"ஓம் மிஸ்."

"நீயா ஒப்பரேஷன் செய்தாய்?"

"நான் பிடித்தேன். அந்த அம்மாதான் தைத்தா."

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பினார். "என்ன சொல்ல?"

"இரண்டுதரம் போனது என்று சொல்லுங்கள். இன்று காலை கொஞ்சம் கெட்டியாக."

அவர் உள்ளே போய்ச் சொன்னாரோ இல்லையோ தெரியாது. ஆனால் மக்கீன் வீட்டுக்கு நடந்தபோது கால் கொஞ்சம் இலேசாக இருந்தது.

திங்கட்கிழமை ஐயா வீட்டுப் பட்டியலோடு காலை ஆறு மணிக்கே போய் நின்றார். பின்னேரம் மூன்று மணிக்கு அக்காவை விட்டார்கள். புதிய பதிவுத் துண்டும் கையில். அவர் வீட்டுக்குப் போகவில்லை. மூன்று நாள் கசங்கிய அதே சேலையோடு, தலைமயிரைக் கையால் கோதி முடிந்துகொண்டு, சந்தைக்கு வந்தார். மேசையில் கூடையைக் கண்டதும் மக்கீனைத் தாண்டிப்போய்ச் சீத்தையின் இறகை விலக்கினார். விரல் நுனியால் தையலைச் சுற்றி அழுத்திப் பார்த்தார். பையைத் தடவினார். மெத்தென்று இருந்தது. கையை முகர்ந்து பார்த்தார்.

"சீழில்லை," என்றார். பிறகு, "தையல் நனைஞ்சிருக்கு. தண்ணியைக் கோப்பையில வைச்சனீங்களோ?"

"இண்டைக்குத்தான் வெச்ச. தானாக் குடிச்சிச்சு."

"குனிஞ்சு குடிச்சா நெஞ்சு தண்ணியில படுமெல்லோ. உயரத்தில வைக்கவேணும்."

மக்கீனுக்கு அந்தப் பேச்சு வாங்கியது பெரிய நிம்மதியாக இருந்தது. "சரி அக்கா," என்றார். ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டார். "உள்ளுக்கு என்ன மாதிரி?"

"என்ன மாதிரி எண்டு சொல்ல நானா. நிலத்திலதான். நித்திரை இல்லை. ஒரு சின்னப் பெட்டை, பத்தொன்பது இருபது வயசு, பஸ்ஸில ஏறேக்கை சட்டை தோளில கிழிஞ்சு போச்சு. கையால பொத்திக்கொண்டு அழுதபடி. ஊசியும் நூலும் கேட்டன், ஊசி தர மாட்டினமாம். என்ர சேலைப் பின்னைக் கழட்டி, அவவின்ர சட்டையிலேயே ஒரு இழை உருவி, ஓட்டை குத்திக் குத்திக் கட்டிவிட்டன். வடிவில்லை. ஆனா நிக்கும்."

"அந்தப் புள்ளைய விட்டாச்சா?"

"இன்னும் இல்லை. அவவின்ர மாமா நாளைக்கு வருவாராம். நான் விடிய ஒருக்காப் போய்ப் பாக்கவேணும்." அக்கா எழுந்தார். "நஸீறாவுக்குச் சொல்லுங்கோ, கத்தரிக்காய் நல்ல ருசி எண்டு. அவவின்ர சட்டை அளவு என்னட்டக் கிடக்கு."

காசு வேண்டாம், பில்லரைக் கொண்டு போங்கள், பாண் இப்போதைக்குப் போதும் என்று மக்கீன் ஏதேதோ சொன்னார். சொல்ல நினைத்தது அவை ஒன்றும் அல்ல. இந்த நான்கு வருடமும் அவர் பார்த்ததில் ஒரு மனிதர் இப்படி இருக்க முடியும் என்பது அவருக்கு விளங்கியிருந்தது. அக்கா கூடையைத் தூக்கிக்கொண்டு காலி வீதியைக் கடந்தார்.

எதிர்ப்பக்கத்தில் மண்மூட்டை அடுக்கிய இராணுவக் காவல் சென்றி. இளம் இராணுவத்தான் ஒருவன் கையை நீட்டி மறித்தான். அக்கா புதிய பதிவுத் துண்டைக் கொடுத்தார். அவன் அதைப் பார்த்துவிட்டு, துவக்குக் குழலின் நுனியால் கூடைத் துணியைக் காட்டினான். மக்கீன் அறுக்கிற கட்டையடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. அக்கா துணியை எடுத்தார். கோழி தலையை நீட்டியது. இராணுவத்தான் ஒரு அடி பின்னால் போனான். பிறகு கழுத்தடியில் எதையோ கண்டு குனிந்தான்.

அக்கா கூடையைத் தெருவோரம் வைத்துவிட்டு, இறகை ஒரு கையால் விலக்கி, மற்றக் கையின் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்து, காற்றில் ஊசி ஓட்டிக் காட்டத் தொடங்கினார். முதலில் உள்ளுக்கு, மடித்து. பிறகு மேலே, தனியாக. இரண்டும் சேரக்கூடாது என்று விரலை ஆட்டினார். அவருக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களம் அதற்குப் போதுமா என்பது சந்தேகம். இராணுவத்தான் போதும், போங்கள் என்று கையை அசைத்தான். அக்காவுக்குப் பின்னால் மூன்று பேர் சோதனைக்குக் காத்து நின்றார்கள். அக்கா இன்னும் மேல் தையலில்தான் நின்றார். ஐந்தையும் காட்டி, முடிச்சுப் போட்டு, நூலை வெட்டிய பிறகுதான் கூடையைத் தூக்கினார்.